நிலாவுக்கு வந்த காய்ச்சல்

கொசு ஒழிக்க வந்தவர்கள் என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். ஐப்பசி பிறந்து இரண்டு நல்ல மழை விழுந்திருந்தது. வல்லம் வடகால் கிராமத்தை ஒட்டிய அந்தத் தெருவுக்குள் கிராம நர்ஸ் கங்கம்மாளின் ஸ்கூட்டியும் அதன் பின்னால் ஒரு வெள்ளை ஜீப்பும் நுழைந்ததைப் பார்த்ததும், வாசலில் டிரம்மிலும் பக்கெட்டிலும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தவர்கள் அவசரமாகக் கவிழ்த்தார்கள். சாக்கடையில் நல்ல தண்ணீர் ஓடியது.

கங்கம்மாள் எந்த டிரம்மையும் எட்டிப் பார்க்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய கண்ணாடி போட்ட பெண்ணை அழைத்துக்கொண்டு நேராக தேவநாதன் வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். அப்பா கட்டிவிட்டுப் போன ஒரே வீட்டை அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். கிழக்குப் பக்கத்தில் அண்ணன் தேவநாதனும் அவர் மனைவி காமாட்சியம்மாளும். மேற்குப் பக்கத்தில் தம்பி வசந்தும் அவன் மனைவி வினோதினியும்.

காமாட்சியம்மாள் பின்பக்க ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் சாம்பாருக்குப் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். சுற்று வட்டாரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற கான்ட்ராக்ட் பையன்களுக்கு அவள்தான் மெஸ். தென்காசிக்காரன், ஒடிசாக்காரன், வேலூர்க்காரன் எல்லோரும் ஷிப்ட் முடிந்து தட்டோடு வந்து உட்கார்வது அந்தக் கொட்டகையில்தான். நர்ஸைப் பார்த்ததும் மத்தை வைத்துவிட்டு வந்தாள். கங்கம்மாள் தயங்கினாள். பிறகு, வினோதினியைப் பார்க்க வந்ததாகச் சொன்னாள்.

காமாட்சியம்மாளின் முகம் இறுகியது. அந்தப் பெயரை அவள் எட்டு வருஷமாக வாயால் சொன்னதில்லை. "அந்த வாசல்ல போய் கேளு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் பருப்பைக் கடைந்தாள். ஆனால் காது முழுக்க அந்தப் பக்கமே இருந்தது.

வினோதினி காலை ஷிப்ட். ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் பொருத்துகிற கம்பெனியில் லைனில் நிற்கிறாள். கம்பெனி பஸ் தெருமுக்கில் இறக்கிவிட, அவள் சேற்றைத் தாண்டித் தாண்டி வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெண் வாசற்படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தாள். பெயர் கவிப்பிரியா, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் என்று கங்கம்மாள் அறிமுகம் செய்துவைத்தாள்.

"உங்க ரத்தம் எங்ககிட்ட இருக்கு," என்றார் டாக்டர். "நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப எடுத்தது. எட்டு வருஷமா உறைய வெச்சிருக்கோம்."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். இந்தப் பக்கம் காய்ச்சல் பரவிய வருஷங்களில் சேர்த்துவைத்த ரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்து, அதன் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். எந்த வருஷம் எந்த வைரஸ் வந்தது, எங்கிருந்து வந்தது, எப்படி மாறியது என்று தெரிந்தால் அடுத்த முறை முன்கூட்டியே உஷாராகலாம். அன்றைக்குப் பிழைத்தவர்களின் இப்போதைய ரத்தமும் கொஞ்சம் வேண்டும். அதற்காகத்தான் வீடு வீடாக வருகிறார்கள்.

வினோதினி கையை நீட்டினாள். ஊசி இறங்கும்போது, தனக்கு வந்தது எது என்று கேட்டாள்.

"டெங்குவுல நாலு வகை இருக்கு. உங்களுக்கு வந்தது ரெண்டாவது வகை."

"எங்க வூட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சி," என்றாள் வினோதினி. "நிலான்னு பேரு. அந்த பொண்ணுக்கு வந்தது எது மேடம்?"

டாக்டர் கங்கம்மாளைப் பார்த்தார். பிறகு, அந்தக் குழந்தையின் ரத்தமும் தங்களிடம் இருக்கிறது, ஆனால் குழந்தையைப் பெற்றவர்கள் கேட்டால் மட்டும்தான் அதைச் சொல்ல முடியும் என்றார். வினோதினி பஞ்சை அழுத்திப் பிடித்தபடி தலையாட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மத்துச் சத்தம் நின்று போயிருந்தது.

நிலா, தேவநாதனுக்கும் காமாட்சியம்மாளுக்கும் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண். வினோதினி வசந்தைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பால் பல் விழுந்த வாயோடு ஓடிவந்து, புதுப்பெண்ணின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சித்தியின் பின்னாலேயே திரிந்தாள். காமாட்சியம்மாளுக்கு அதில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பொறாமை. அப்போதுதான் மெஸ் ஆரம்பித்திருந்தாள். அடுப்பை விட்டு நகர முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தாள்.

அந்த வருஷம் ஆவணியில் வினோதினி தங்கச்சி வளைகாப்புக்காகக் காஞ்சிபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, திரும்பும்போது காய்ச்சலோடு வந்தாள். எலும்பையெல்லாம் யாரோ அம்மியில் வைத்து நசுக்குவது போல வலி. கண்ணைத் திறக்க முடியாமல் பாயில் கிடந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நிலா அந்தப் பாயை விட்டு நகரவில்லை. கஞ்சி டம்ளரைப் பிடித்துக்கொள்வதும், நெற்றியில் ஈரத்துணி போடுவதுமாக அங்கேயே கிடந்தாள். பிறகு வினோதினியை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை இறங்கிப் பிறகு ஏறியது. பிழைத்து வீட்டுக்கு வந்தாள்.

அவள் எழுந்து நடமாட ஆரம்பித்த சமயத்தில் நிலா படுத்தாள். அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. காய்ச்சல் விட்டுவிட்டது, இனிமேல் பயமில்லை என்று எல்லோரும் மூச்சுவிட்ட அன்றைக்குத்தான் பிள்ளைக்குக் கையும் காலும் சில்லிட்டன. மறுநாள் தேவநாதன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்.

அந்த மழைக்காலத்தில் தெருவில் பல வீடுகளில் காய்ச்சல் இருந்தது. ரூம்களில் பையன்கள் பாயோடு பாயாகக் கிடந்தார்கள். அதெல்லாம் காமாட்சியம்மாளுக்குக் கண்ணில் படவில்லை. வெளியூரிலிருந்து காய்ச்சலோடு வந்து இறங்கியவள் ஒருத்திதான். அவள் பாயில்தான் பிள்ளை கிடந்தது. பிணத்தைக் கிடத்தியிருந்த கூடத்துக்குள் வினோதினி நுழையப் போனபோது காமாட்சியம்மாள் எழுந்து வந்து நிலைப்படியில் கையை விரித்து நின்றாள்.

"உன் ஆத்தா வூட்லருந்து இத்தத்தான் கொண்டாந்தியா? எம் பொண்ண எடுத்துகினு போவறதுக்கா வந்த?"

ஊரே கேட்டது. வினோதினி குழாயடியில் நின்றாள். நிலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. தன்னால் செத்த பிள்ளைக்காகத் தானே அழுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் சுவர் வந்தது. சுவர் வந்த பிறகும் விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போது காமாட்சியம்மாள் காற்றிடம் பேசுவதுபோல் அவளைத் திட்டுவாள். பேரைச் சொல்ல மாட்டாள். வினோதினி அதைக் கேட்டுக்கொண்டே கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டுவாள். வசந்த் வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று எத்தனையோ முறை கூப்பிட்டான். அவள் வரவில்லை. தனக்கு அந்தத் திட்டு சேர வேண்டியதுதான் என்று அவள் நம்பியிருந்தாள்.

டாக்டர் வந்துபோன அன்று வசந்திடம் சொன்னாள். அவன் இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்குப் பாகம் செய்கிற பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். எண்ணெய் பிசுக்கு போகாத விரல்களால் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். கேட்டு முடித்ததும், கிளற வேண்டாம் என்றான்.

"ரெண்டும் ஒண்ணா இருந்துச்சின்னா இன்னா பண்ணுவ? இப்பவாச்சும் ஒரு சந்தேகம் கீது. அப்ப அதுவும் போயிடும்."

"போவட்டும்," என்றாள் வினோதினி. "நான்தான்னா நான்தான்னு தெரிஞ்சிகினு இருந்துட்டுப் போறேன். தெரியாம இருக்க முடியல."

மறுநாளும் லைனில் போய் நின்றாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே கேமராச் சில்லைப் பதிக்கிற வேலை. மூச்சு கொஞ்சம் பலமாக விட்டாலும் தூசு ஒட்டும். அவள் கையிலிருந்து போன பீஸ்கள் திரும்பித் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் பெண் பக்கத்தில் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். நீலக் கோட்டும் தொப்பியும் முகமூடியும் போட்ட உடம்பில் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஒன்றுமில்லை என்று அந்தக் கண்ணால் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது முடிவு செய்துவிட்டாள்.

தேவநாதன் தண்ணி லாரி ஓட்டுகிறார். ஏரியோரம் போர்வெல் போட்டிருக்கிற ஒரு தோட்டத்தில் நிரப்பிக்கொண்டு போய் ஹாஸ்டல்களுக்கும் கட்டடம் கட்டுகிற இடங்களுக்கும் இறக்குவது அவர் வேலை. வினோதினி தோட்டத்துக்கே போனாள். லாரி நிரம்பிக்கொண்டிருந்தது. மேல் மூடி வழியாகத் தண்ணீர் வழிந்து டயரை நனைத்தது. அவர் பீடி பிடித்துக்கொண்டு நின்றவர், அவளைப் பார்த்ததும் கீழே போட்டு மிதித்தார். அவளை வெறுத்தவர் இல்லை. பெண்டாட்டியை மீறி அவளிடம் பேசும் தைரியமும் அவருக்கு இருந்ததில்லை.

அவள் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க கேட்டாதான் சொல்லுவாங்களாம் மாமா. எனக்கு வேற எதுவும் வேணாம். கேட்டு மட்டும் சொல்லுங்க."

"உன்னுதா இருந்தா?"

"அக்கா இத்தினி நாளு சொன்னது நெசம்னு ஆவும். அவ்ளோதான்."

மோட்டாரை நிறுத்தினார். அதன் இரைச்சல் நின்றதும் அவர் குரல் சின்னதாகக் கேட்டது. "கொழந்த ரத்தத்த இன்னமும் வெச்சிகினு கீறாங்களாம்மா?"

ஆமாம் என்றாள். அவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் கேட்கிறேன் என்றார்.

அவர் பயந்துகொண்டே சொன்னதற்குக் காமாட்சியம்மாள் சண்டை போடவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், போகலாம் என்றாள். தானும் வருவேன் என்றாள். அவளையும் வரச் சொல் என்றாள். "டாக்டர் வாயால வரட்டும். அவளும் நின்னு கேக்கட்டும்."

டாக்டர் கவிப்பிரியா அடுத்த வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதாகக் கங்கம்மாள் சொல்லியனுப்பினாள். அன்று காலையிலிருந்தே தூறல். காமாட்சியம்மாள் புருஷனுடன் ஆட்டோவில் வந்தாள். வினோதினி லீவு போட்டுவிட்டு நடந்து வந்தாள். வசந்துக்கு லீவு கிடைக்கவில்லை. தடுப்பூசிக்கு வந்த தாய்மார்கள் குழந்தைகளைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வராந்தாவைத் தாண்டி, கடைசி அறையில் மூவரையும் உட்காரவைத்தார்கள். காமாட்சியம்மாளுக்கும் வினோதினிக்கும் நடுவில் தேவநாதன் உட்கார்ந்தார்.

டாக்டர் முதலில் வருத்தம் தெரிவித்தார். பிறகு, உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்களா என்று ஒரு முறை கேட்டார். காமாட்சியம்மாள் சொல்லச் சொன்னாள்.

"நிலாவுக்கு வந்தது மூணாவது வகை. இவங்களுக்கு வந்தது ரெண்டாவது. ரெண்டும் வேற வேற."

"வேறன்னா?"

"உங்க ஊர்ல பங்காளி வகையறான்னு சொல்லுவீங்க இல்லையா, அது மாதிரி வைரஸுக்கும் வம்சம் இருக்கு. எழுத்து எழுத்தா படிச்சா யார் யாருக்குச் சொந்தம்னு தெரியும். நிலாகிட்ட இருந்ததும், அந்த மழையில உங்க தெருவுலருந்தும் ரூம்கள்லருந்தும் ஆஸ்பத்திரியில வந்து சேர்ந்தவங்ககிட்ட இருந்ததும் ஒரே வம்சம். இவங்ககிட்ட இருந்தது வேற, காஞ்சிபுரம் பக்கத்து ஆளுங்ககிட்ட இருந்த வம்சம். இவங்ககிட்ட இருந்து நிலாவுக்கு வந்திருக்க முடியாது."

வினோதினி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வார்த்தை தன் காதில் விழுந்தால் என்னவெல்லாம் ஆகும் என்று அவள் நினைத்திருந்தாளோ, அதில் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே காலியாக இருந்தது. காமாட்சியம்மாள் முன்பக்கம் சாய்ந்தாள்.

"அப்ப எங்கருந்து வந்துச்சி? எங்க வூட்டுக் கொசுவா? மெஸ்ஸுல சாப்புட வந்த பையனா?"

"அது தெரியாதும்மா. எந்தக் கொசு, யார் வழியான்னு இதுல தெரியாது. ஊர் முழுக்க இருந்துச்சு."

"இவளும்தான் படுத்தா. தெருவுல எத்தினி பேரு படுத்தாங்க. எல்லாம் எழுந்துகிட்டாங்க. எம் பொண்ணு மட்டும் ஏன் எழுந்துக்கல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நிலாவின் ரத்தத்தில் இன்னொன்றும் தெரிந்தது என்றார். அதற்கு முன்பே அவளுக்கு ஒருமுறை டெங்கு வந்து போயிருக்கிறது. முதல் தடவை லேசாகப் போய்விடும். இரண்டாம் தடவை வேறு வகை வந்தால், சில பேருக்கு உடம்பில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பே நோயை முற்றச் செய்துவிடும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. நிலாவுக்கு அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும் என்று தாங்கள் நினைப்பதாகச் சொன்னார். முன்னால் எப்போதாவது காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்.

தேவநாதன் இல்லை என்று தலையாட்ட ஆரம்பித்தார். காமாட்சியம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வந்துச்சி," என்றாள். "செம்பரம்பாக்கம் ஏரிய தொறந்து வுட்டாங்களே, அந்த மழ அப்ப. தெரு பூரா தண்ணி நின்னுச்சி. ஒடம்பெல்லாம் செவப்பா தடிச்சிகினு காய்ச்சலு. ஆஸ்பத்திரிக்கு எங்க போறது. நெலவேம்பு காச்சிக் குடுத்தேன். நல்லாப் போச்சி. தண்ணி வடிஞ்சதும் மாரியம்மனுக்குப் பொங்கல் வெச்சேன்." பிடித்திருந்த கையை விட்டாள். "நல்லாப் போச்சேன்னு பொங்கல் வெச்சேன் மேடம்."

அன்றைக்கு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது, கண்டுபிடித்திருந்தாலும் இரண்டாவதைத் தடுத்திருக்க முடியும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைக் காமாட்சியம்மாள் கேட்டாளா என்று தெரியவில்லை. எழுந்து வெளியே வந்தாள். ஆட்டோ காத்திருந்தது. அவள் அதில் ஏறாமல் தூறலில் ரோட்டைப் பிடித்து நடந்தாள். தேவநாதன் ஆட்டோவை அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்தார். வினோதினி இன்னும் கொஞ்சம் பின்னால். கன்டெய்னர் லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. மூவரும் வீடு வரைக்கும் அப்படியே நடந்தார்கள்.

சாயங்காலம் பையன்கள் தட்டோடு வரும் வேளை நெருங்கியும் கொட்டகையில் புகை எழவில்லை. வினோதினி மேற்கு வாசலில் நின்று பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். காமாட்சியம்மாள் அணைந்த அடுப்புக்கு முன்னால் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஈரப் புடவையை மாற்றவில்லை. வினோதினி ஒன்றும் கேட்காமல் அரிசியைக் களைந்தாள். அடுப்பை மூட்டி உலையை வைத்தாள். கத்தரிக்காயை எடுத்து அரியத் தொடங்கினாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை காமாட்சியம்மாள். உலை கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் பேசினாள்.

"உன்ன திட்டிகினே இருந்தேன். காலைல கண்ண முழிச்சா அது ஒண்ணு இருந்துச்சி எனக்கு. எழுந்துக்க சொல்லும். இனிமே இன்னாத்துக்கு எழுந்துக்கறது?"

வினோதினி அரிவதை நிறுத்தவில்லை. அரிந்த காய் தண்ணீரில் மிதந்தது. திடீரென்று அவளுக்குத் தோள் குலுங்கியது. அரிவாள்மணையிலிருந்து எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். என்ன என்று அவளுக்கே புரியச் சற்று நேரம் ஆனது. நிலா செத்துப்போய்விட்டாள். எட்டு வருஷமாக அது அவள் செய்த குற்றமாக மட்டுமே இருந்தது. இப்போது குற்றம் போய், பிள்ளை இல்லை என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. பால் பல் விழுந்த வாயோடு மடியில் வந்து ஏறியவள் இனி இல்லை. வினோதினி குரல் எடுத்து அழுதாள். குழாயடியில் நின்றபோது அழ வேண்டிய அழுகை அத்தனையும் வந்தது.

காமாட்சியம்மாள் அவளைத் தொடவில்லை. அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மணைப்பலகையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ படுத்துகினு இருந்தப்ப அந்தப் பாயே கெதின்னு கெடந்தாளே," என்றாள். "எங்கிட்ட வரவே இல்ல. நான் அடுப்புலயே இருந்துட்டேன். அப்ப இன்னா பேசுவா உங்கிட்ட?"

வினோதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காய்ச்சலில் பாதி நினைவில்லை என்றாள். பிறகு யோசித்து, தலை வலிக்கிறது என்று நிலா சொல்லுவாள் என்றாள்.

"காய்ச்சலா அப்பவே?"

"இல்லக்கா. ஜடைய நீங்க ரொம்ப இறுக்கிப் போடுறீங்களாம். இஸ்கூலு விட்டு வந்ததும் எங்கிட்ட வந்து அவுத்துவுடச் சொல்லும். எனக்குக் கையத் தூக்க முடியாது. படுத்துகினே ஒரு விரலால அவுப்பேன். அம்மாகிட்ட சொல்லிடாத சித்தி, அதுக்குக் கஷ்டமா போயிடும், ஆசையா போட்டு வுடுதுன்னு சொல்லும். நீங்க கூப்புட்டா மறுபடி பின்னிகினு ஓடிவரும்."

காமாட்சியம்மாள் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். உலை பொங்கிச் சொரிந்து விறகில் விழுந்து சீறியது. இருவரும் எழவில்லை. வெளியே பையன்கள் ஒவ்வொருவராக வந்து தட்டோடு நின்றார்கள். தேவநாதன் உள்ளே எட்டிப் பார்த்தார். அதுவரை கரண்டியைத் தொட்டறியாத மனுஷன் அடுப்பைத் தணித்துவிட்டு, இன்னும் நேரமாகும், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று பையன்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கொட்டகைக்கு வெளியே தூறலில் நின்றுகொண்டார்.

"அப்புறம்?" என்றாள் காமாட்சியம்மாள். "இன்னும் இன்னா சொல்லுவா? எல்லாத்தையும் சொல்லு."

வினோதினி அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.